மெய்நிகர் உலகமும் மெய்யான மதிப்பும்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரம் என்னும் சிற்றூரில் ஒரு திருமணம் நடந்தது. மணவினைகள் ஊரிலே, உற்றார் முன்னிலையில், வழக்கம் போல நிறைவேறின. வரவேற்பு மட்டும் உலகப்படத்தில் காண இயலாத ஓரிடத்தில் நடைபெற்றது. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் மாளிகையின் சாயலில் கணினிக்குள் ஒரு மண்டபம் கட்டப்பட்டிருந்தது. மணமக்களும் விருந்தினரும் தத்தம் உருவப் பாவைகளாக அதனுள் நுழைந்து, ஒருவரையொருவர் கண்டு வாழ்த்திக்கொண்டனர். சென்னையைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் அம்மண்டபத்தை அமைத்துக் கொடுத்தது. இந்தியாவின் முதல் மெட்டாவெர்ஸ் திருமண வரவேற்பு என்று நாளேடுகள் அதனைக் கொண்டாடின.

கொண்டாட்டத்தின் ஓசை அடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ‘மெட்டாவெர்ஸ்’ என்னும் சொல்லை உச்சரிக்காத வணிக இதழே இல்லை என்றிருந்த நிலையும் மாறிவிட்டது. ஆகவே, மெய்நிகர் உலகங்கள் பொழுதுபோக்கிற்கும் வணிகத்திற்கும் என்ன மதிப்புடையவை என்னும் கேள்வியை நிதானமாக எடுத்துப் பேசத் தக்க காலம் இதுவே என்று கருதுகிறோம்.

அந்த வரவேற்பை ஏளனம் செய்வது எளிது. நாம் அவ்வாறு செய்யமாட்டோம். கொரோனா மூன்றாம் அலையின்போது தமிழ்நாட்டில் திருமணங்களுக்கு நூறு பேர் என்னும் வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்றில் நூறு பேர் என்றால் தாய்வழியில் பாதி, தந்தைவழியில் பாதி என்று எண்ணத் தொடங்குமுன்பே பட்டியல் நிரம்பிவிடும். எஞ்சியவர்களை எங்கே அமர்த்துவது? இக்கேள்விக்குக் கிடைத்த விடையே அந்தக் கணினி மண்டபம். அதனினும் நாம் போற்றுவது வேறொன்று. எது ஊரில் நடக்கவேண்டும், எது கணினியில் நடக்கலாம் என்று அம்மணமக்கள் பிரித்தறிந்திருந்தனர். பந்தத்தை உண்டாக்கும் வினை மண்ணில் நிகழ்ந்தது. வாழ்த்தும் களிப்பும் மெய்நிகர் வெளிக்குச் சென்றன. பின்னாளில் பெருமுதலாளிகள் பலர் கோட்டைவிட்ட வேறுபாடு இது.

இவ்வேறுபாடு நம் ஃபிக்ஹ் அறிஞர்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 1410, அதாவது 1990 மார்ச்சில், இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி ஜித்தாவில் தன் ஆறாம் அமர்வைக் கூட்டிற்று. தந்தி, டெலக்ஸ், தொலைநகல், கணினி, தொலைபேசி ஆகியவற்றின் வழியே செய்யப்படும் ஒப்பந்தங்கள் செல்லுமா என்பது அங்கு ஆராயப்பட்டது. ஒருவரையொருவர் காணாது எழுத்தால் தொடர்புகொள்வோரின் உடன்பாடு, ஒருவர் முன்மொழிந்தது மற்றவரை அடைந்து அவர் ஏற்கும்போது நிறைவுறும் என்று அகாடமி கூறியது. ஒரே நேரத்தில் பேசிக்கொள்வோரோ, வெவ்வேறு நாடுகளில் இருப்பினும், நேரில் இருப்போர் போன்றவரே என்றது. மூன்று வினைகளை மட்டும் இவ்விதியிலிருந்து விலக்கியது: சாட்சிகள் வேண்டப்படுவதால் நிகாஹ், உடனுக்குடன் கைமாற வேண்டியிருப்பதால் நாணய மாற்றாகிய ஸர்ஃப், விலையை முன்கூட்டியே கொடுத்தாகவேண்டும் என்பதால் ஸலம்.

உலகளாவிய இணையவலை பிறக்கும் முன்னரே எழுதப்பட்ட இத்தீர்மானத்தை இன்று படிக்கையில் வியப்புத் தோன்றுகிறது. இரு பாவைகள் ஒரு கணினி மண்டபத்தில் எதிரெதிரே நின்று பேசுவது ‘ஒரே மஜ்லிஸ்’ ஆகுமா என்று இன்று சிலர் புதிராகக் கேட்கின்றனர். பாவைகள் அருகருகே நிற்பது கண்ணுக்கு இனிய அலங்காரம். சட்டத்தின் பார்வையில் பொருட்படுத்தத் தக்கது, பேசுவோர் இருவரும் ஒரே வேளையில் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கின்றனரா என்பதே. அது தொலைபேசியிலேயே தீர்ந்துபோன வழக்கு.

இராமநாதபுரக் கடற்கரையை அறிந்தோர்க்கு இச்செய்தியின் அருமை விளங்கும். தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது உப்பூர். அதன் பெயரே அதன் பொருளாதாரத்தைச் சொல்லும். அதைச் சூழ்ந்த கரையூர்கள் பலவற்றில், குடும்பத்தில் ஒருவரேனும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இல்லாத வீடுகள் குறைவு. தந்தை இல்லாமல் மகளின் நிகாஹ் நடப்பதும், அவர் நியமித்த வகீல் அவர் சார்பில் நிற்பதும், வேலைத்தளத்தின் அறையில் பன்னிரண்டு பேருக்கு நடுவே அமர்ந்து அவர் கைப்பேசியில் மணவறையைக் காண்பதும் இக்கரையில் கதையாகச் சொல்லத் தக்கவை அல்ல, அன்றாடம். முன்பு ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். பின்னர் திருமண வீடியோ கேசட் விமானத்தில் போயிற்று. அதன் பின் கைப்பேசித் திரை வந்தது. மெய்நிகர் மண்டபம் இவ்வரிசையில் அடுத்த படி. ஒரு வேறுபாடு உண்டு: திரையில் தந்தை பார்வையாளர் மட்டுமே. மெய்நிகர் மண்டபத்தில் அவர் ஒரு மூலையில் நிற்கலாம், வருவோரை எதிர்கொள்ளலாம், ‘வாங்க மச்சான், சாப்பிட்டீங்களா’ என்று கேட்கலாம், சோறு இல்லாவிட்டாலும். பொழுதுபோக்கு என்னும் சொல்லுக்குள் இதை அடக்குவது அநீதி. தொலைவு மெய்யாக இருக்கும் இடத்தில், அதைக் குறைத்துத் தரும் கருவிக்கு மெய்யான மதிப்பு உண்டு.

சிவலிங்கபுர வரவேற்பில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மணமகளின் தந்தை காலமாகிவிட்டவர். அவர் உருவிலும் ஒரு பாவை ஆக்கப்பட்டு, மண்டபத்தில் வாழ்த்தளிப்பதாக நிறுத்தப்பட்டது. செய்தியைப் படித்தோர் பலர் கண்ணீர் விட்டதாக அறிகிறோம். ஓர் இளம்பெண்ணின் துயரத்தை நாம் எடைபோட வரவில்லை. ஆயினும் வளைகுடாத் தந்தையின் பாவைக்கும் இறந்த தந்தையின் பாவைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு என்று சொல்லியாகவேண்டும். முன்னதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் மறுக்கலாம், கோபிக்கலாம், வராமலும் இருக்கலாம். பின்னதன் பின்னால் இருப்பவர் மென்பொருள் எழுதியவர். அது அசைவதும் சிரிப்பதும் பிறர் விருப்பம். இறந்தவர்க்காக நாம் செய்யத் தக்கது துஆவும் தருமமும். அவர்கள் சார்பில் பேசுவதற்கு எவரும் நமக்கு வகாலத் தந்திருக்கவில்லை. உருவம் வரைதல் பற்றிய பழைய விவாதத்தை இங்கு நாம் கிளப்பவில்லை. ஒப்புதல் பற்றியதே நம் கேள்வி. இன்று செயற்கை நுண்ணறிவு இறந்தோரின் குரலையும் ஆக்கித் தருகிறது. துயரம் விற்பனைச் சரக்காகும் காலம் தொலைவில் இல்லை. ஆகவே இக்கோட்டை இப்போதே வரைவது நன்று.

‘அவதார்’ என்று இப்பாவைகளுக்குப் பெயரிட்டவர்கள் மேலைநாட்டினர். இந்திய மொழியிலிருந்து கடல் கடந்த சொல், பொருள் மெலிந்து நமக்கே திரும்பி வந்திருக்கிறது. ‘மெட்டாவெர்ஸ்’ என்பதோ 1992இல் வெளிவந்த ‘ஸ்னோ கிராஷ்’ என்னும் ஆங்கில நாவலிலிருந்து எடுத்த பெயர். அந்நாவல் காட்டும் எதிர்காலம் எவரும் வாழ விரும்பத்தக்கதன்று. நிறுவனங்கள் அதிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன.

வணிகத்திற்கு வருவோம். 2003இல் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ இவ்வகை உலகங்களுள் மிகவும் ஆராயத் தக்கது. அதில் வெல்வதற்குப் பகைவர் இல்லை; எய்துவதற்கு இலக்கு இல்லை. குடியிருப்போர் தாமே ஆடை தைத்தனர், வீடு கட்டினர், அவற்றை லிண்டன் டாலர் என்னும் அவ்வுலகப் பணத்திற்கு விற்றனர். அப்பணத்தை மெய்யான டாலராக மாற்றவும் சந்தை இருந்தது. அங்கே நிலம் வாங்கிப் பிரித்து விற்ற ஒரு பெண்மணி, தம் சொத்து பத்து இலட்சம் அமெரிக்க டாலரை எட்டியதாக 2006இல் அறிவித்தார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அதே ஆண்டு அங்கே அலுவலகம் திறந்தது. 2007 மே மாதத்தில் அங்கு முதன்முதலாகத் தூதரகம் திறந்த நாடு எது என்று கேட்டால் பலரும் அமெரிக்கா என்றோ ஜப்பான் என்றோ கூறுவர். அது நம் அண்டைக் கடலில் உள்ள மாலத்தீவு. தீவுகளால் ஆன ஒரு சிறு முஸ்லிம் நாடு, கணினித் தீவு ஒன்றில் கொடி நாட்டியது. சுவீடன் சில நாட்கள் கழித்தே வந்தது. பெருநாடுகளின் தலைநகரங்களில் மாளிகை எடுக்க வசதியில்லாத நாட்டிற்கு அது மலிவான வாயில் என்னும் கணக்கு அறிவுடையதே.

ஆனால் அதே ஆண்டிலேயே அவ்வுலகத்தின் அடித்தளம் எத்தகையது என்பதும் தெரியவந்தது. 2007 ஜூலையில் லிண்டன் லேப் அங்கே சூதாட்டத்தைத் தடைசெய்தது. ஆகஸ்டில், பெருவட்டி தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை திரட்டிவந்த ‘கிங்கோ’ என்னும் மெய்நிகர் வங்கி கவிழ்ந்தது. பணம் போட்டோர் கேட்டபோது பணம் இல்லை. 2008 ஜனவரியில், மெய்யுலகில் உரிமம் பெறாத எவரும் வட்டி தருவதாக வைப்பு வாங்கக் கூடாதென நிறுவனம் விதித்தது. மைஸிரும் ரிபாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று நம் அறிஞர்கள் கூறியதை மிகைக் கூற்று என நினைத்தவர்கள், ஒரே கோடைக்குள் இரண்டும் அடுத்தடுத்துச் சரிந்ததைக் காணட்டும். அவ்வுலகம் கற்பனையானது, அங்கே இழந்த பணமோ மெய்யானது.

அதைவிட ஆழமான வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் அங்கே நிலம் வாங்கினார். ஏலத்தின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி மலிவாக வாங்கியதாகக் கூறி நிறுவனம் அவர் கணக்கையே முடக்கிற்று. அவருடைய மற்ற நிலங்களும் உடைமைகளும் அதனோடு போயின. பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2007 மே மாதத்தில், நிறுவனத்தின் விதிமுறையிலிருந்த நடுவர் தீர்ப்பு நிபந்தனை ஒருதலைப்பட்சமானது என்று ஏற்க மறுத்தது. பின்னர் இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டதால் பெரிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. விற்றவன் நினைத்த மாத்திரத்தில் மீட்டுக்கொள்ளக்கூடிய ஒன்றை வாங்கியவன் ‘உடைமை’ என்னலாமா? ஃபிக்ஹ் நூல்கள் கப்ள் என்று கூறும் கைவசமாதலை நோக்க வேண்டிய இடம் இது. ஒருவர் தம் கைவசம் வராத தானியத்தை விற்கலாகாது என்னும் விதி, சந்தையில் சொல்லும் பொருளும் பிரிந்துபோகாமல் காக்க எழுந்தது. மெய்நிகர் உலகில் கைவசமாதல் என்பது நிறுவனத்தின் கணினியில் உள்ள ஒரு குறிப்பு. அக்குறிப்பைப் பாதுகாக்கும் சட்டம் உறுதியாக இருப்பின் அது மாலாக, மதிப்புடைய பொருளாக, எண்ணப்படுவதில் நமக்குத் தடை தோன்றவில்லை. புத்தக உரிமையையும் வணிகப் பெயரையும் நம் காலத்து அறிஞர்கள் அவ்வாறே ஏற்றுள்ளனர். உறுதி இல்லாத இடத்தில் அது கரர். அதாவது வாங்குவோன் தான் எதை வாங்கினான் என்றறியாத வாணிபம்.

நிலத்தைப் பற்றி இன்னும் சிறிது பேசவேண்டும். செகண்ட் லைஃபில் தொடக்கத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் தாவுவோர் குறிப்பிட்ட சில நிலையங்களில்தான் இறங்க முடியும். ஆகவே அந்நிலையங்களைச் சுற்றியிருந்த நிலத்திற்கு, பேருந்து நிலையத்தருகே உள்ள மனைபோல, நல்ல விலை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் எவரும் எங்கும் நேரே தாவலாம் என்று மாற்றியது. நிலையங்கள் மறைந்தன, அவற்றைச் சுற்றிய கடைவீதியின் மதிப்பும் அவற்றோடு சென்றது. மெய்நிகர் நிலம் என்பதன் முரண் இங்கே முழுமையாக வெளிப்படுகிறது. தொலைவு இல்லாமற் செய்வதே அவ்வுலகின் பயன். தொலைவு இருந்தால்தான் நிலத்திற்கு விலை. பயனை வளர்த்தால் விலை விழும். விலையைக் காத்தால் பயன் குன்றும்.

இம்முரணை அறியாதவர் போல, 2021 நவம்பரில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று ‘டிசென்ட்ராலேண்ட்’ உலகில் ஒரு நிலத்தொகுதியை ஏறக்குறைய 24 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அவ்வுலகில் மொத்தம் 90,601 மனைகள். இதற்கு மேல் இல்லை என்பதே விற்பவர்களின் வாதம். இன்னும் ஒரு இலட்சம் மனைகளை உண்டாக்கச் சில வரி நிரல் போதும் என்பதும், போட்டியாக இன்னோர் உலகம் நாளையே எழலாம் என்பதும் அவர்கள் அறியாததன்று. ஆணையிட்டு உண்டாக்கிய தட்டுப்பாடு அது.

உப்பூர்ப் பக்கம் நிலத்திற்கு மதிப்பு வரும் வழி வேறு. உவர்நீர் ஏறும் தாழ்வு, வெயில், காற்று, சாலைக்கு உள்ள தூரம் ஆகியவை கூடினால் அது உப்பளம். பக்கத்து வயற்காரன், ஓடை, மீனவர் துறை என்று அதன் ஒவ்வொரு எல்லையிலும் ஒருவர் இருக்கிறார். இங்கே 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டார்கள். உழவரும் மீனவரும் எதிர்த்தனர், வழக்குத் தொடரப்பட்டது, 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடுத்து நிறுத்தியது. மெய்யான நிலம் எவ்வளவு தொல்லை தருவது என்று தொழிலதிபர்கள் நொந்துகொள்வர். அத்தொல்லையே அதன் மதிப்பிற்குச் சான்று என்போம் நாம். எவரும் எதிர்த்து வழக்காடாத நிலத்தில் எவருடைய வாழ்வும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை.

வழிபாட்டைப் பற்றியும் ஒரு சொல். 2007 டிசம்பரில் ‘இஸ்லாம் ஆன்லைன்’ நிறுவனத்தார் செகண்ட் லைஃபில் மக்காவின் மாதிரியை அமைத்து, ஹஜ்ஜின் கிரியைகளைப் படிப்படியாகக் காட்டினர். சவூதி அரசு 2021 டிசம்பரில் ஹஜருல் அஸ்வதை மெய்நிகர்க் கருவி வழியே காணும் திட்டத்தைத் தொடங்கியது. இது ஹஜ்ஜாகிவிடுமோ என்ற ஐயம் எழுந்தபோது, துருக்கியின் தியானத் அமைப்பு 2022 பிப்ரவரியில், ஆகாது என்று தெளிவுபடுத்தியது. நம் ஊர்களில் ஹஜ் பயிற்சி முகாம்களில் பலகையாலும் துணியாலும் கஅபாவின் மாதிரி அமைத்துத் தவாஃப் பழக்குகிறார்கள். அதை ஹஜ் என்று ஒருவரும் மயங்கியதில்லை. கணினி மாதிரி அதன் திருந்திய வடிவம். முதியோர்க்கு மிகவும் உதவும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைத் தேடி வரும் நம் இந்துச் சகோதரர்களிடம், படத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். உடல் செல்லவேண்டிய இடம் எது என்பதில் எளிய மக்களுக்கு ஐயம் இருந்ததில்லை.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கு வழி ஓரளவு தெளிந்துள்ளது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் தடைசெய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணமில்லா விளையாட்டுகளையும் அது ஊக்குவிக்கிறது. பிரித்த இடம் சரியே. பிள்ளைகள் கூடிக் கட்டி விளையாடும் ‘ரோப்லாக்ஸ்’ போன்ற உலகங்களோ இன்னும் நுட்பமான சிக்கல். அங்கே சிறார்கள் தாமே விளையாட்டு வடிவமைத்துக் கற்கிறார்கள் என்பதும் உண்மை; அறியாதவர் அவர்களை அணுக வழியுண்டு என்னும் அச்சத்தால் துருக்கி 2024இல் அதைத் தடுத்தது என்பதும் உண்மை. தடை எளிது, பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து ஆடிப் பார்ப்பது கடினம். இரண்டாவதையே நாம் பரிந்துரைப்போம்.

இனி, அக்டோபர் 2021இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்ட ஃபேஸ்புக்கைக் காண்க. அதன் மெய்நிகர்ப் பிரிவு 2022இல் 1,370 கோடி, 2023இல் 1,610 கோடி, 2024இல் 1,770 கோடி டாலர் அளவிற்கு நட்டம் கண்டது. மைக்ரோசாப்ட் தன் ‘ஆல்ட்ஸ்பேஸ்’ உலகை 2023 மார்ச்சில் மூடிற்று. டிஸ்னி அதே மாதம் தன் மெட்டாவெர்ஸ் பிரிவைக் கலைத்தது. இத்தனை பொருள் கொட்டியும் மக்கள் வராததற்குக் காரணம் கருவியின் பாரம் என்கிறார்கள். அது பாதிக் காரணம். யாரைச் சந்திக்க அங்கு செல்வது என்னும் கேள்விக்கு அந்நிறுவனங்களிடம் விடை இல்லாதிருந்தது மீதிக் காரணம். சிவலிங்கபுரத்து விருந்தினர்க்கு அவ்விடை முன்னமே தெரிந்திருந்தது.

செகண்ட் லைஃபின் மாளிகைகளிலிருந்து பெருநிறுவனங்கள் ஓசையின்றி வெளியேறின, ராய்ட்டர்ஸும் போயிற்று. ஆனால் அவ்வுலகம் தன் இருபதாம் ஆண்டையும் கடந்தது. அங்கே தங்கியவர்கள் பாவைகளுக்குச் சட்டை தைத்து விற்கும் சிறு வணிகர்கள், நடக்க இயலாது வீட்டோடு இருக்கும் நோயாளர்கள், மாலையில் வந்து ஒருவரையொருவர் நலம் விசாரித்துச் செல்லும் பழைய நண்பர்கள்.